அன்னத்தின் கழுத்து, என் கன்னத்தில்

மே 12, 1979. சனி.
கத்திரி வெயில். பள்ளிக்கு விடுமுறை, வாத்தியாருக்கு இல்லை. கூடம் நிறையத் தெருப் பிள்ளைகள், கூச்சல். வீட்டுக் குப்பைக் காகிதம் கொண்டு வந்தால் ஆளுக்கொரு முகம் ஒட்டலாம் என்று நானே வாயைக் கொடுத்தேன். மைதாப் பசை ஒரு சட்டி.
ஒரு பையன் ஒட்டிய எதிர்வீட்டம்மாளுக்கு லாட்டரிச் சீட்டில் வாய். பொருத்தம். எப்போதும் திறந்திருக்கும், உருப்படியாக ஒன்றும் விழாது.
பக்கத்து வீட்டுத் தறிக்கார ஏகாம்பரத்தின் மகள் சுமதி ஒட்டியது என் முகம். முறம் அளவு. பஸ் டிக்கெட் புருவம். கார்பன் தாள் தலைமுடி (அசலைவிட அதிகம்). காதுக்குக் காது ஓட்டை ஓட்டையாய் நீள அட்டைகள்: நாலு நாள் தாடி. அச்சு அசல். மனைவி: "நேர்ல பாக்கறதுக்கு இது தேவல."

மே 14. திங்கள்.
காலையிலேயே ஏகாம்பரம். கையைப் பிடித்துத் தறிக்கு இழுத்துப் போனார். கண்ணமங்கலத்துக் கல்யாணப் புடவை, முந்தானை மட்டும் பாக்கி. முந்தானையில் ஒரு அன்னம். தலை நேராக உடம்பில் உட்கார்ந்திருக்கிறது. எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அட்டை ஓட்டைதானே. புது அட்டைக் கட்டிலிருந்து சுமதி உருவி வந்து எனக்குத் தாடியாக ஒட்டியது கழுத்து. மிச்சத்தை எண் பார்க்காமல் கோத்தது அவர் மச்சான்.
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
"வெள்ளிக்கிழம பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க சார். கழுத்தே இல்லாத அன்னத்த கட்டிகினு அந்தப் பொண்ணு தாலிக்குக் கழுத்த நீட்டுமா?"
அட்டையில் ஓட்டை அடிப்பவர் ஊரில் இல்லை.

மே 15. செவ்வாய்.
அட்டை கழன்று வர, ஒட்டிய முகத்தைத் தண்ணீரில் ஊறப்போட மனைவி யோசனை. ஆர்வம் சற்று அதிகம். அட்டை கூழாகிவிடும் என்று ஏகாம்பரம் தடுத்தார். கடைசியில் என்னைப் பலகையில் கிடத்தி, அடியில் வெற்று அட்டை வைத்து, ஓட்டைக்கு ஓட்டை ஊசியால் அடையாளம். பகல் முழுக்க என் கன்னத்தில் குத்தினார். அவர் முகத்தில் ஒரு திருப்தி.
எதிர்வீட்டம்மாள் ஜன்னல் வழியே பார்த்தாள். போதாதா. "ஏகாம்பரம் வாத்தியாருக்கு செய்வின வெக்கறாரு, ஊசி குத்திகினு கீறாரு." சாயங்காலத்துக்குள் மூன்று பேர் நலம் விசாரிப்பு. ஒருவர் கையில் வேப்பிலை.
சுமதி சாப்பிடவில்லையாம். அதைக் கேட்டபின் எனக்கும் இறங்கவில்லை.

மே 16. புதன்.
அடையாளத்தில் ஓட்டை போட்டு, எண் பார்த்துக் கோத்து, நெய்ததைப் பிரித்தாயிற்று. மத்தியானம் புது அன்னம். கழுத்து இருக்கிறது! சற்றே தடிமன். என் வம்சம். சுமதி இரண்டு தட்டு சோறு.

மே 18. வெள்ளி.
பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா முந்தானையை விரித்து வெகுநேரம் பார்த்தாள்.
"அன்னம் நல்லா கொழுகொழுன்னு கீது" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஏகாம்பரத்துக்குக் கல்யாணப் பத்திரிகை. நான் செருப்பைத் தேடினேன். ஏகாம்பரம் விடவில்லை.
"நீங்களும் கல்யாணத்துக்கு வந்துடணும் சார். உங்க கன்னமே போவுது, நீங்க வராம இருந்தா நல்லாவா கீது?"