மேனேஜருக்கு ஒரு லிஃப்ட்

என் தங்கத்துக்கு அம்மா ஆசையாக எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், எங்கள் நான்கு முழங்கால்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலையை நன்றாகத் துவட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறாய் என்று நம்புகிறேன், வெறும் நம்பிக்கைதான், ஆதாரம் ஒன்றும் கிடையாது. போன் இருக்கும்போது இவள் எதற்கு மெனக்கெட்டுப் பேனாவைப் பிடிக்கிறாள் என்று கேட்பாய். போனில் நான் மேனேஜர் பேச்சை எடுத்ததும் நீ அங்கே மழையா வெயிலா என்று சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் பேச்சை மாற்ற முடியாது பார், அதனால்தான். இன்னொன்றும் உண்டு. நம் மேனேஜர் போனதிலிருந்து நீ அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிடுகிறாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறவர்களுக்கே சரியான அளவெடுக்கிற தையல்காரி நான். கோபப்படாதே என்று சொல்லவில்லை, முழுக்கதையும் தெரிந்துகொண்டு கோபப்படு என்கிறேன்.

மேனேஜருக்கு இதயம் வீங்கிவிட்டது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டரம்மா சொன்னது வரை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்தை நாங்கள் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. எல்லோரும் வேலை செய்யும்போது நட்ட நடுவில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிற நாய் என்றுதானே நீ அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாய், நோய் வந்த பிறகும் அவன் பதவியை விடவில்லை. மாத்திரையை ரொட்டிக்குள் ஒளித்துக் கொடுத்தால் ரொட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் என் தையல் மிஷினுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போவான். அடுத்தவர் வாய்க்குப் போவதுதான் அவனுக்கு ருசி, அது உனக்கே தெரியும், உன் தட்டிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாத்திரை வைத்த ரொட்டியைத் தன் வாய்வரை கொண்டுபோய், 'அடடா, என்ன ருசி' என்று கண்ணை மூடிக்கொள்வார். மேனேஜருக்குப் பொறுக்காது, வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வான். இப்படியே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் மேனேஜர் வாசலில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பிவிட்டான், நடிப்பில் ஊறிப்போன உன் அப்பா விழுங்கியே விட்டார். உடம்பில் இருக்கிற நீரையெல்லாம் பிரித்து வெளியே தள்ளுகிற மாத்திரை அது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுங்க, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க, இன்னிக்கு மட்டும் பாத்ரூம் பக்கத்திலயே இருக்கச் சொல்லுங்க" என்றார். இவர் கேட்டால்தானே! அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது, ரிப்பேருக்குக் கிளம்பிவிட்டார். லிஃப்ட் மோட்டார் மொட்டைமாடியில், இவருக்குத் திறந்துவிட்ட கழிப்பறை தரைத்தளத்தில். லிஃப்ட்தான் ஓடவில்லையே, படிதான் கதி. மேலே ஏறி ஒரு திருகைக் கழற்றுவார், கீழே ஓடுவார், மறுபடி ஏறி இன்னொரு திருகு. கடைசியில் அந்தக் கட்டடத்துக் காவலாளி, "சார், இவ்வளவு சுறுசுறுப்பா வேலை பார்க்கிற மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்ல" என்று பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தாராம். டீயையும் குடித்துவிட்டு மறுபடி ஓடியிருக்கிறார்.

நமக்கு இது சிரிப்பு, மேனேஜருக்கு அந்த மாத்திரையால் தினமும் அதே பாடு. அடிக்கடி கீழே போயாக வேண்டும். படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் வீடோ மூன்றாவது மாடி. ஊரில் பாதி லிஃப்ட் இவர் கை பட்டு ஓடுகிறது, இவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. விமான நிலையத்தில் வேலை பார்க்கிற உனக்கு வீட்டுக்குப் பறந்து வர லீவு கிடைக்கவில்லை பார், அப்பாவும் மகளும் ஒரே அச்சு. முதலில் அவனைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினார். நான் ஜீன்ஸ் துணியில் நாலு கால் வெளியே தொங்குகிற மாதிரி ஒரு தூளி தைத்துக் கொடுத்தேன், அதை மார்பில் மாட்டிக்கொண்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இறங்குவார்கள். சில நாளில் இவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையில் மல்லாந்து படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் திடீரென்று, "ஏம்மா, நான் யாரு? லிஃப்ட் மெக்கானிக்தானே?" என்றார். இடுப்போடு சேர்த்து வேறு ஏதும் பிசகிவிட்டதோ என்று நான் பயந்தேபோனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் மாடிப்படிக்கு நடுவில் இருக்கிற சந்தில் கம்பியும் கப்பியும் தொங்கின. ஒரு பக்கம் மேனேஜருக்குக் கூடை, உள்ளே நான் தைத்த மெத்தை. இன்னொரு பக்கம் தண்ணீர் நிரப்பிய கேன். கூடையும் நாயும் சேர்ந்து என்ன எடையோ அதே எடைக்குத் தண்ணீர், அப்போதுதான் ஒற்றைக் கையால் இழுத்தாலே ஏறும் இறங்கும், பெரிய லிஃப்ட்டும் இப்படித்தானாம். முதலில் நாய்க்குப் பதில் உருளைக்கிழங்கு மூட்டையை வைத்து ஓட்டிப் பார்த்தார். கேனில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, பிரேக்கை விட்டதும் கூடை சர்ரென்று பறந்து மேலே முட்டி, மூன்று மாடிக்கும் உருளைக்கிழங்கு மழை. இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர் கதவைத் திறந்து, காலடியில் வந்து நின்ற கிழங்கைப் பார்த்து, "இது என்ன, இலவச விநியோகமா?" என்று கேட்டார். பிறகு எல்லாம் சரிசெய்து, இரண்டு பிரேக் போட்டு, கூடைக்குக் கதவும் வைத்தார். மேனேஜர் ஏறினால்தானே? கூடையைப் பார்ப்பான், எங்களைப் பார்ப்பான், வேறு ஆளைப் பாருங்கள் என்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்துகொள்வான். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அந்தக் கணக்கு டீச்சர்தான் வழி கண்டுபிடித்தார். சும்மா தொங்குகிற கூடைதானே என்று தன் காய்கறிப் பையை அதில் ஏற்றி அனுப்பச் சொன்னார், பையில் கேரட் இருந்தது, மேனேஜர் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து கூடைக்குள் ஒரு கேரட் இருந்தால் ஐயா தயார். கூடைக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு மாடியையும் ஆய்வு செய்தபடி இறங்குவான். நான் முன்னால் ஓடிப்போய்க் கீழே கதவைத் திறந்துவிட வேண்டும். நம் கட்டடத்தில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் இதற்கு முன்னால் கேட்டதில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. அவன் இளைக்க ஆரம்பித்தான். இளைத்ததை நாங்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. கூடை கையை மீறி மேலே இழுக்க ஆரம்பித்தது. அவன் எடை குறையக் குறைய அந்தப் பக்கத்துத் தண்ணீரையும் குறைக்க வேண்டும் இல்லையா, அப்பா கேனிலிருந்து ஒரு குவளை எடுத்துப் படியோரத்துச் செடிக்கு ஊற்றுவார். முதல் தடவை, 'ஐயா டயட்ல இருக்காரு' என்று கிண்டல் பண்ணினார். போகப்போகக் கிண்டல் நின்றுவிட்டது, ஊற்றுவது நிற்கவில்லை. மேனேஜரால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது, நாள் முழுக்க முன்கால்களை அகட்டி உட்கார்ந்தே இருந்தான். பஸ்ஸில் தூரப் பயணம் போகிறவர்கள் கழுத்தில் மாட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு தலையணை தைத்துத் தாடைக்கு முட்டுக் கொடுத்தேன், அதில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்வான். நீ போனில், "நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வெச்சிருங்கப்பா" என்று அழுதாயே, அது அந்த வாரம்தான். அப்பாவும் சரி என்றார். சரி என்று சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் டாக்டரம்மா மறுபடி பார்த்துவிட்டு, "மருந்து இனிமே வேலை செய்யாதுங்க. இன்னும் கொஞ்ச நாள் இருப்பான், ஆனா ஒவ்வொரு மூச்சுக்கும் திண்டாடிக்கிட்டுத்தான் இருப்பான்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை அப்பா மறுபடியும் குவளையோடு படியில் நின்றார். செடித் தொட்டி நிறைந்து தண்ணீர் வழிகிறது, இவர் ஊற்றிக்கொண்டே நிற்கிறார். உள்ளே வந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்மா, அவனைப் பாடுபடுத்துறோம்" என்றார். நானும் அதையேதான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். எழுந்துபோய்க் கூடையைத் துடைத்தார்.

கூடையில்தான் இறங்கினான். கேரட்டை நக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டான். டாக்டரம்மாவின் அறையில் மேஜை வேண்டாம் என்று அப்பா தரையில் உட்கார்ந்துகொண்டார், அவர் மடியில்தான் எல்லாம். நான் அவன் காதைத் தடவிக்கொண்டிருந்தேன், உன் செல்லப் பெயர்களையெல்லாம் உன் சார்பில் சொன்னேன், நீ அவனுக்காகக் கட்டிய அந்த எலி வால் பாட்டைக்கூடப் பாடினேன், என் குரலுக்கு அவன் ஓடாமல் இருந்ததே பெரிது. எத்தனையோ நாளாகத் தலையைக் கீழே வைக்க முடியாமல் இருந்தவன், ஊசி போட்ட பிறகு அப்பாவின் மடியில் தலையை வைத்து நிம்மதியாகப் படுத்தான். அதை நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணு. நான் அழுதேன், ஆனால் அவன் அப்படிப் படுத்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற வேப்ப மரத்தடியில் இடம் கொடுத்தார்கள். இடுப்பு பிடிப்போடு குழியை அப்பாவேதான் தோண்டினார்.

வீடு பழகிக்கொண்டு வருகிறது. துணி வெட்டும்போது கீழே விழுகிற துண்டுகளில் வந்து படுக்க ஆளில்லை, குனிந்து நானே பெருக்குகிறேன். தைத்துக் கொடுத்த கறுப்புக் கோட்டில் மேனேஜரின் முடி இருக்கிறது என்று போன வாரம் ஒரு அம்மாள் திரும்பி வந்தார், அது இலவச இணைப்பு என்றேன், விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாள் ஒரு முடியை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். உன் மாமா ஒரு நாய்க்குட்டி படத்தோடு வந்தார், அண்ணன் தங்கை பாசத்தில் நானும் கொஞ்சம் சபலப்பட்டேன். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "லட்சணமாத்தான் இருக்கு மச்சான், ஆனா இங்க மேனேஜர் போஸ்ட் காலி இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். லிஃப்ட்டைக் கழற்றப் போனவரைக் கட்டடமே சேர்ந்து தடுத்துவிட்டது, இப்போது அதில் எல்லார் வீட்டுச் சாமானும் போய்வருகிறது. உனக்குத் தைக்கிற கோட்டுக்குப் பொத்தான் மட்டும் பாக்கி, நீ சொன்ன அளவை நான் நம்பவில்லை, இளைத்திருப்பாய் என்று தெரியும், ஆனாலும் பழைய அளவுக்கே தைத்திருக்கிறேன், சாப்பிட்டு அதற்குத் தகுந்த மாதிரி ஆகிக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா உனக்குப் போன் செய்து, "மேனேஜரை அனுப்பிட்டோம்மா. நான்தான் முடிவு பண்ணேன்" என்று இரண்டே வாக்கியம் சொன்னார். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கத்திவிட்டு நீ வைத்துவிட்டாய். முடிவு நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்தது, அதில் என் பங்கு சரிபாதி, அவர் என் பங்கையும் சேர்த்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளை நம்மை வெறுக்கிற மாதிரி ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் சொன்னார். "கேட்டிருந்தா அவ என்ன சொல்லுவா? சரின்னு சொன்னா, நாமதான் சாகச் சொன்னோம்னு காலம்பூரா நினைப்பா. வேண்டாம்னு சொல்லியிருந்தா, நம்மாலதான் அவன் அவ்வளவு கஷ்டப்பட்டான்னு நினைப்பா. தனியா ஒரு ரூம்ல உட்கார்ந்து அழுறதுக்கு அவளுக்கு அங்க தோள் கொடுக்க யாரு இருக்கா? என்மேல கோபமா இருந்துட்டுப் போகட்டும். அவளுக்கு நான் இருக்கேன்ல, கோபப்படுறதுக்கு."

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். சொல்லவில்லை, எழுதுகிறேன். நீ நன்றாக இரு, நல்ல தூக்கம் வரட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்களாக அமையட்டும். மழையில் அந்தக் கிழிந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அலையாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போது கூப்பிடு, என் போனில் இல்லை, அவர் போனில். சமாதானமாகப் பேச வராவிட்டால் திட்டு, மனம் விட்டுத் திட்டு, அதற்கும் அவர் தயாராகத்தான் இருக்கிறார். மணி பார்க்கிற மாதிரி அந்தப் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறார், அவர் கையில்தான் கடிகாரம் இருக்கிறதே. மணி அடித்த உடனே எடுத்துவிடுவார், சிரித்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா