காய்ந்த புல்லின் சூடு

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் லாயத்துக் குதிரைகளுக்குக் காய்ந்த புல் வாங்க என்னை அனுப்பினார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாக் கட்டும் நன்றாகத்தான் இருக்கும். நடுவே கையை விட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஈரத்தோடு கட்டியது என்று அர்த்தம். உள்ளே பூசணம் பிடித்துவிடும். மாடாவது ஓரளவு தாங்கும், குதிரைக்கு ஆகவே ஆகாது. நானும் கையை விட்டுப் பார்த்துத்தான் நாற்பது கட்டு ஏற்றி வந்தேன்.

லாயத்து மேஸ்திரி முதல் கட்டுக்குள் கையை விட்டதுமே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னய்யா, அடுப்பு மாதிரி கொதிக்குது! கையை விட்டுப் பாக்கலையா?"

"மறந்துட்டேன்ணே."

அவர் திட்டியதை எழுதினால் தாள் போதாது. நல்லவேளை, எந்தக் குதிரையும் வாய் வைக்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியாயிற்று.

உண்மையில் நான் மறக்கவில்லை. கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாளாக விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. வலி இல்லை, பயப்படாதே. மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆக மாட்டேன் என்று அனுப்பிவிடுவார்.

சட்டை அனுப்புவதாக இருந்தால் பொத்தான் இல்லாததாகப் பார்த்து அனுப்பு.

குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது. இன்னொன்று, நான் லீவில் வரும்போது பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறதா என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லாதே. நீயே பார்த்துச் சொல்.

பாப்பாவின் அப்பா