செண்பகம், நீ கேட்டுக்கு வெளியே நின்ற காரணம்

என் நாத்தனாரே, ஆசைச் செண்பகமே,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்மேல் எனக்கு ஒரு வழக்கு இருந்தது. என் மகள் கலாவின் வளைகாப்பு அன்று, மெயின்லேண்டில் கழுத்துக் கட்டிக்கு வைத்தியம் முடித்து நம் தீவுக்குக் கப்பலில் வந்து இறங்கினாய். முதல் வளையலை அத்தைதான் போட வேண்டும் என்று ஹேடோ வீட்டில் அவளை மணையில் உட்காரவைத்துக் காத்திருந்தோம். நீ கேட்டைத் தாண்டவில்லை. கூப்பிட வந்த என்னிடம், “கிட்ட வராதீங்க அண்ணி, போங்க” என்றாய்.

காலனியே பார்த்தது. “நணந்த் நாராஜ் ஹை க்யா?” என்று பக்கத்து வீட்டு வங்காளத்துக்காரி கேட்டாள். நாத்தனாருக்குக் கோபமா என்று. அந்தக் குரலும் மறக்கவில்லை, நீ கட்டியிருந்த பச்சைச் சேலையும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ வைத்த மீன்குழம்பை நான் தொட்டதே இல்லை.

இப்போது அதே கட்டி எனக்கும் வந்தது. ஆபரேஷன் முடிந்து, சென்னையில் கதிர் அயோடின் கொடுத்தார்கள். என்ன மருந்து இது என்று கொடுத்த பெண்ணை நச்சரித்தேன். உப்பில் இருக்கிற அயோடினுக்கு இது கூடப்பிறந்ததாம். கழுத்துச் சுரப்பிக்கு வித்தியாசம் தெரியாது, வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் இதன் அணுவின் கரு நிலைகொள்ளாது. ஏதோ ஒரு கணத்தில் உள்ளிருந்து ஒரு துகளை வீசியெறிந்துவிட்டு, செனான் என்கிற வேறொரு வாயுவாக மாறி அடங்கிவிடும். அந்த வீச்சில்தான் கட்டியின் மிச்சம் சாகிறது. கூடவே கிளம்பும் கதிர் பக்கத்தில் இருப்பவர் மேலும் படும். எந்த அணு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தத்தில் எட்டு நாளில் பாதி மாறும், அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி.

“அது அடங்குற வரைக்கும் புள்ளத்தாச்சி பக்கம் போகாதீங்க பாட்டி” என்றாள். அங்கேயே எனக்கு உன் பச்சைச் சேலை தெரிந்தது.

புற்று என்று சொல்லப் பயந்தாயா? நல்ல காரியத்தில் அந்தச் சொல் விழக் கூடாது என்றா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேட்டடியிலேயே பாய் விரித்து உனக்கு இலை போட்டிருப்பேனே.

சேதி கேள். அன்று கலாவின் வயிற்றில் இருந்தாளே மீனா, நேற்று அவளுக்கு வளைகாப்பு. நீ நின்ற இடத்தில் நான் நின்றேன். அவள் முகம் வாடிவிட்டது. “என்ன அம்மாயி, என் மேல கோவமா?”

தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். “கழுத்துல புத்துடி. மருந்து குடிச்சிருக்கேன், உள்ள இன்னும் அடங்கல. உன் புள்ளைக்கு ஆகாது. அன்னிக்குச் செண்பகம் பாட்டி தள்ளி நின்னதும் உனக்காகத்தான்.”

மீனா மணையிலிருந்து எழுந்து வந்தாள். மதில் மேல் வளையல்களை வைத்துவிட்டு நாலடி பின்னால் தள்ளிப் போய் நின்றாள். இரண்டு ஜோடி. ஒன்று உனக்காம்.

என் கோபமும் அந்த அயோடின் மாதிரிதான். பாதி சென்னையிலேயே போயிற்று, மிச்சத்தில் பாதி நேற்று. சொல்லாமல் போனாயே, அதற்காகக் கொஞ்சம் வைத்திருக்கிறேன். வரும்போது அதையும் உன் வளையலையும் கொண்டுவருவேன். முதலில் கையில் வளையலைப் போடுவேன், பிறகு சண்டை. இந்தத் தடவை தள்ளி நிற்காதே.

கிட்டத்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிற உன் அண்ணி,
பாக்கியம்