உன் பின்னல் நுனி

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, மாமாவிடம்கூட.

அடுத்த வாரம் உன் ஊர்ப் பள்ளியில் நேர்காணல். இடம் கிடைத்தால் உன்னோடு இருக்கலாம். ஆனால் பயந்தால் என் கைகள் தானாகப் படபடக்கின்றன. "அங்க போயும் கையை ஆட்டினா எப்படிடி சேத்துப்பாங்க?" என்கிறாள் அம்மா. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழக்குகிறாள். அப்படி அடக்கினால் கேட்கும் கேள்வியே எனக்குக் காதில் ஏறுவதில்லை.

நீ மட்டும்தான், "ஆட்டுடி, ஃபேன் செலவு மிச்சம்" என்று சிரித்துவிட்டு, உன் பின்னல் நுனியைச் சுழற்றக் கொடுப்பாய். அதைச் சுழற்றினால் மனசு அடங்கிவிடும். அன்றைக்குப் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளி வாசலுக்கு வா. உள்ளே போகுமுன் ஒரு நிமிடம் போதும்.

இப்போதும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் எழுதுகிறேன். கட்டில் கிறீச்சிட்டது கேட்டுவிட்டது போல. அம்மா கதவைத் தட்டுகிறாள். கடிதத்தை ஒளித்துவிடலாம், கையை எங்கே