கரும்புக்கு மாட்டிய கையுறை

சாந்தோம்,
ஜனவரி 17

அன்புள்ள ஜொவிட்டா,

விறைத்த விரல்களோடு லேத் மெஷின் ஓட்டுவது ஆபத்தா, கையுறை மாட்டிக்கொண்டு ஓட்டுவது ஆபத்தா? நீ கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவளிடம் கேட்கிற கேள்வியும் அல்ல. ஆண்டவர் அருளால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்கிறாய், கனடாவின் மைனஸ் இருபத்தெட்டில் அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. போனில் பேசினால் உன் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அதனால் எழுதுகிறேன்.

கையுறையோடு ஓட்டு, இல்லையென்றால் வேலையை விடு என்று உன் சூப்பர்வைசர் சொன்னதாக நீ எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது என் தவறு. நேற்று என்னையும் நம் கிண்டிப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். வின்னிபெக் குளிரை அங்கே உண்டாக்கிப் பார்க்க வேண்டுமாம். மீன்காரரிடம் ஒரு பெட்டி ஐஸ் வாங்கி, அதில் முழங்கை வரை இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் பத்து நிமிடம் நின்றார். வெளியே நல்ல வெயில். உன் சின்ன வயதிலிருந்தே நம்மிடம் லேத் ஓட்டுகிற கபாலி ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மொளகாத் தூள் இன்னும் தடவலியே மொதலாளி” என்றார். கையை வெளியே எடுத்த அப்பாவால் லேத்தை முடுக்கும் கனத்த இரும்புச் சாவியைப் பிடிக்க முடியவில்லை. அது அவர் காலிலேயே விழுந்தது. விறைத்த கை ஆபத்து, நிரூபித்தாயிற்று என்று நொண்டிக்கொண்டே அறிவித்தார்.

அடுத்தது கையுறை. நீ புறப்படும்போது தி.நகரில் நான் வாங்கியவற்றில் ஒரு ஜோடி சிறிதாக இருக்கிறது என்று விட்டுப்போனாயே, அதில் ஒன்றை எடுத்து வந்திருந்தார். பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த கரும்புத் துண்டு ஒன்றுக்கு அதை மாட்டி, லேத்தில் கத்தி பொருத்தும் இடத்தில் இறுக்கி, சுழலும் தலைக்கு அருகே கபாலி நகர்த்தினார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார். ஒரே ஒரு கம்பளி நூல்தான் அதில் பட்டது. அடுத்த கணம் கையுறை இல்லை, கரும்பும் இல்லை. என் புடவையெல்லாம் சாறு. சிரிக்க வாய் திறந்தேன், தரையில் கிடந்த நாரைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அதே கையுறைகளைத்தானே உனக்கும் வாங்கிக் கொடுத்தேன். கபாலி மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னது இதுதான்: “பாப்பாகிட்ட சொல்லும்மா. வேல போனா இன்னொண்ணு கெடைக்கும். கைய எந்தக் கடையில விக்கிறான்?”

ஆகவே சொல்கிறேன். முதலில் ஹீட்டர் அருகே கையைச் சூடாக்கிக்கொள். மெஷினைக் கொஞ்ச நேரம் வெறுமனே மெதுவாக ஓடவிடு, உறைந்த எண்ணெய் இளகட்டும் என்கிறார் கபாலி. விரல் மரத்துப்போனால் அணைத்துவிட்டு விலகிப் போ. மஃப்ளர் நுனி கோட்டுக்குள் இருக்கட்டும், முடியை இறுக்கிக் கட்டு. கையுறை தெருவுக்கு மட்டும். சூப்பர்வைசர் மறுபடியும் வற்புறுத்தினால் முடியாது என்று சொல்லிவிடு. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். எதையும் அவசரப்பட்டு விடாதே என்று உன்னிடம் ஓயாமல் சொல்கிறவள் நான்தான், அதுவும் தெரியும். அப்பா அந்தக் கரும்பு நாரை ஒரு கவரில் போட்டு, பங்குத்தந்தையிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, உன் சூப்பர்வைசருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்போவதாகச் சொல்கிறார். தடுத்துக்கொண்டிருக்கிறேன். கவரில் ஏற்கெனவே எறும்பு.

மாதா உன்னைக் காப்பாராக. அவரை மட்டும் நம்பி இராமல் நீயும் பார்த்து நடந்துகொள். வேலைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடு.

உன் அம்மா,
ஐரின் லியோனார்ட்

18, காலை. இதை அனுப்புவதற்குள் நீயே கூப்பிட்டுவிட்டாய். என்னைக் கேட்காமலே சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாய். அவர் உன்னை லேத்திலிருந்து எடுத்து, முற்றத்தில் பனி அள்ள அனுப்பினார். அதற்குக் கம்பெனியே தடித்த தோல் கையுறை கொடுத்ததாம். அப்பா அதைக் கழற்றி விரல்களை வீடியோவில் விரித்துக் காட்டச் சொன்னார். சத்தமாக எண்ணினார், ஏழோடு படம் உறைந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டு, முதலிலிருந்து எண்ணினார். பத்து.