சென்னியம்மாளின் பரிசோதனை முடிவு

ஜூன் 9, 2025

சென்னியம்மாளுக்கு மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருடம். இப்போது மறுபடி உதிரம். நாளை டாக்டர் முன் மனைவிக்காகப் பேசும்போது தடுமாறக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்:

1. தொடக்கம்: மூன்று மாதம் என்கிறாள்.
2. பரிசோதனை: மூன்று ஆய்வகங்களின் விலைப்பட்டியல் வாங்கிவிட்டேன். மூன்றிலும் 'மகளிர் நலத் தொகுப்பு' என்று பல சோதனைகள் ஒன்றாக. இவளுக்கு எது தேவை என்று எதிலும் இல்லை.
3. இதுவரை சோதிக்காத காரணம்: அவளுடைய கூச்சம்.

ஜூன் 10

உக்கடம் பஸ் நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நானே தாளைப் பார்த்துச் சொன்னேன். "சார், கொஞ்சம் வெளிய இருங்க. அவங்க பேசட்டும்," என்றார். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏனுங்க, அந்தக் காயிதத்துல என்ற பேராச்சும் இருந்துச்சுங்களா?" என்று சிரித்தாள்.

இல்லை.

ஜூன் 13

காத்திருக்கிறோம்.

ஜூன் 17

கருப்பை வாய்ப் புற்று. பரவியிருக்கலாமாம்.

"முன்னாடி டெஸ்ட் எடுத்திருக்கீங்களாம்மா?" என்றார் டாக்டர். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எடுத்தனுங்க. ரெண்டு வருசம் முந்தி, கல்யாண மண்டபத்து முகாமுல. ஏதாச்சும் இருந்தா போன் பண்றோம்னாங்க. வரவேயில்ல. செரி, ஒண்ணுமில்லைன்னு உட்டுப்போட்டேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க பயந்துக்குவீங்கன்னுதானுங்க."

ஜூன் 18

முகாம் நடத்திய ஆய்வகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் பிரவீனா என்ற பெண் கணினியில் தேடினாள். "எச்பிவி பாசிட்டிவ்னு இருக்குதுங்க சார், புத்துநோய் வரவைக்கிற வைரஸுங்க. ஆறு தடவ கூப்பிட்டிருக்கோம், யாரும் எடுக்கல. மெசேஜும் போயிருக்குது."

எண்ணைப் படித்தாள். என்னுடையது. எங்கள் பக்கம் பெண்கள் வீட்டுக்காரர் எண்ணைத்தானே கொடுப்பார்கள்.

தெரியாத எண் வந்தால் நான் எடுப்பதில்லை, மோசடியென்று பயம். ஒவ்வொன்றாகத் தடுத்துவைப்பேன். ஞாயிறுதோறும் குறுஞ்செய்திகளைப் படிக்காமலே அழிப்பேன். அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன் — என்ன பண்ணிப்போட்டேன்!

ஆறு அழைப்புக்குப் பின் யாராவது வீடு தேடி வந்திருக்கக் கூடாதா? கிளம்பும்போது பிரவீனா, "இப்ப தொகுப்பு பாதி வெலைங்க சார். ஊட்ல வேற லேடீஸ் இருக்காங்களா?" என்றாள்.

ஜூன் 21

ஸ்கேனில் புற்று சிறுநீர்ப்பை வரை பரவியது தெரிகிறது. கதிர்வீச்சு தருவார்கள். குணமாக்க அல்ல, வலி குறைய.

அழைப்புகளைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். புடவை மடித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. "பக்கத்தூட்டு நெம்பரக் குடுத்திருக்கோணும் நானு," என்றாள்.

ஒன்பதாம் தேதி எழுதியதில் மூன்றாவது தவறு. கூச்சமில்லை; அவள் சோதனைக்குப் போயிருந்தாள்.