சாய்ந்தால்தான் ஓடும் கடிகாரம்

அன்பு கிஷோருக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. லிங்கராஜபுரத்தில் நான், அம்மா, உன் தங்கை அனுஷா மூவரும் நலம், கழுத்து மட்டும் எல்லோருக்கும் கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கிறது, மெல்போர்னில் நீயும் உன் கழுத்தும் நேராக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

எல்லாம் நான் வாங்கி மாட்டிய பெண்டுலம் கடிகாரத்தால் வந்தது. நேராக மாட்டினால் நின்றுவிடும், இடப்பக்கம் சாய்த்தால் ஓடும். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் பல்சக்கரம் பெண்டுலத்தை இரண்டு பக்கமும் சரியாகத் தள்ளும், அதனால் சாய்த்தே மாட்டினேன். கோணல் கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்றாள் அம்மா. நானா விடுகிறவன், முருகன் படம், எங்கள் கல்யாணப் போட்டோ, நீ பட்டம் வாங்கிய போட்டோ, காலண்டர் எல்லாவற்றையும் அதே அளவு சாய்த்துவிட்டேன், இனி கடிகாரம் கோணல் என்று யார் சொல்ல முடியும்.

இந்த லட்சணத்தில் போன ஞாயிறு அனுஷாவைப் பெண் பார்க்க, ஹெப்பகோடியில் இன்ஜினியராக இருக்கும் ரகு தன் தாயாரோடு வந்தான். அந்த அம்மாளுக்குச் சுவரைப் பார்த்ததுமே தலை மெல்லச் சாய்ந்தது, மரியாதைக்கு நானும் சாய்ந்தேன். விஷயம் புரியட்டும் என்று ஜன்னல் கம்பியில் நூல் கட்டிப் பூட்டைத் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினேன், பிறகு பூட்டுக்குப் பதில் உருளைக்கிழங்கு, எடை எதுவானாலும் ஆட்டம் ஒன்றுதான், நூலைக் குட்டையாக்கினால்தான் வேகம் கூடும் என்று விளக்கினேன். பஜ்ஜி ஆறிப்போனது, பெண்ணைக் கூப்பிடாமல் என்ன இது என்று அம்மா கண்ணாலேயே எரித்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கூப்பிட மனமில்லை. நீ போய்விட்டாய், அவளும் போனால் இந்த வீடு எனக்கு எப்படியடா இருக்கும்.

அப்போது ரகு, "சார், ஸ்வல்ப கழட்டிப் பாக்கலாமா" என்று, கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கேட்டுவிட்டு ஸ்டூலில் ஏறிவிட்டான். கடிகாரத்தை நேராக மாட்டி, பெண்டுலத்தைத் தள்ளும் சின்னக் கம்பியை மயிரிழை வளைத்துக் காது கொடுத்துக் கேட்டான், டிக் டாக் சீராக வந்தது. எனக்கு வந்ததே கோபம், இப்போது கடிகாரம் மட்டும் நேர், முருகன் முதல் காலண்டர் வரை வீடே கோணல். இந்த இடம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அனுஷா கூப்பிடாமலே உள்ளிருந்து வந்து ஸ்டூலில் ஏறிப் படங்களை நேராக்க ஆரம்பித்தாள், அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ வரனைத் தட்டிக்கழித்தவள், என்னத்துக்கோ சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். நேற்று அவன் வேலையைச் சோதிக்க நானும் அந்தக் கம்பியை வளைத்துப் பார்த்தேன், இப்போது எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடவில்லை. அனுஷாவின் முகம் வாடிவிட்டது, எனக்குத் தாங்கவில்லை. நானே ரகுவுக்குப் போன் செய்து கடிகாரம் நின்றுவிட்டது என்றேன். சாயங்காலம் வரேன் மாமா என்றான். போன வாரம் சார் என்றவன். நான் திருத்தவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. குறைவில்லாமல் இரு. தை மாதத்துக்கு இப்போதே லீவு சொல்லிவை.

உன் அப்பா,
சுந்தரமூர்த்தி